காஷினோசாக்கி கலங்கரை விளக்கம்: குஷிமோட்டோவும் மெர்சினும் உறவான இடத்தைப் பார்த்துவர ஒரு வழிகாட்டி

ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷு தெற்கே போய் முடியும் இடத்தில், வாக்கயாமா மாகாணத்தில், குஷிமோட்டோ என்ற சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டிய கீ ஓஷிமா தீவின் கிழக்கு முனையில், கடலுக்கு மேலே எழுந்த மேட்டில் காஷினோசாக்கி கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1870 ஜூலை 8 அன்று முதன்முதலில் ஏற்றப்பட்ட இது ஜப்பானின் மிகப் பழைய கல் கலங்கரை விளக்கம். 1890-இல் இதன் காலடியில் ஒரு துருக்கியக் கப்பல் உடைந்தது. குஷிமோட்டோ துருக்கியின் யாகாகென்ட் ஊரோடு 1964-இலும் மெர்சின் நகரத்தோடு 1975-இலும் சகோதர நகரமானதற்கு வேர் அந்த இரவுதான்.

காரில் வந்து, வெள்ளைக் கோபுரத்தின் முன்னால் படம் எடுத்து, அரைமணி நேரத்தில் திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் பார்த்தால் இது ஒரு குட்டைக் கோபுரம், அவ்வளவுதான். சரியான வரிசையில் நடந்து பார்த்தால்தான் இந்த இடம் பிடிபடும். முதலில் விளக்கம், பிறகு கீழே தெரியும் பாறை, பிறகு கல்லறை மேடு, பிறகு காட்சிக்கூடம், கடைசியில் ஊருக்குள் இருக்கும் ஒரு கோயில். பாதையில் இவை இந்த வரிசையில் வருவதில்லை. அதனால்தான் இதை முன்னதாகச் சொல்லிவிடுகிறோம்.

போய்ச் சேர்வது

விமானத்தில் வருபவர்களுக்குக் கன்சாய் விமான நிலையம் வசதி. அங்கிருந்து ஒசாக்கா நகரத்துக்குள் போய்விட்டுத் தெற்கே திரும்புவது வீண் அலைச்சல். விமான நிலைய ரயிலில் ஹினேனோ நிலையம்வரை வந்து, அங்கே 'குரோஷியோ' விரைவு ரயிலுக்கு மாறுங்கள். ஹினேனோவிலிருந்து குஷிமோட்டோவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஷின்-ஒசாக்காவிலிருந்து ஏறினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயிலின் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கானவை. ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்வேயின் சுற்றுலாப் பயண அட்டை) வைத்திருப்பவர்களும் நிலையத்தில் இருக்கை எண் வாங்கிக்கொண்டே ஏற வேண்டும். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் வலப்பக்கம் வரும். பதிவு செய்யும்போதே வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். ஷிராஹாமாவைத் தாண்டியபின் வண்டி கடலை ஒட்டி வளைந்து வளைந்து ஓடும். அந்தப் பகுதியைத் தூங்கிக் கழிக்க வேண்டாம்.

நகோயா பக்கமிருந்து வருபவர்கள் 'நான்கி' விரைவு ரயிலில் கீ-கத்ஸுராவரை வந்து வேறு வண்டிக்கு மாறலாம். ஜே.ஆர். பாஸ் இருந்தாலும் இந்த வழியில் நடுவே தனியார் தடம் ஒன்று வருவதால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கையில் சில்லறை இருக்கட்டும்.

இந்தத் தடத்தில் பயணிகளைத் தடுமாற வைப்பது மழை. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு போகும் பாதை இது. கனமழை பெய்தால் மண்சரிவுக்கு அஞ்சி வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். விரைவு ரயிலைத் தவறவிட்டால் உள்ளூர் வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். ஆகவே ஒசாக்காவிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பும் திட்டம் போடாதீர்கள். ஒரு இரவு குஷிமோட்டோவிலோ கத்ஸுராவிலோ தங்குங்கள். கூட்ஸுமோட்டோ என்றோ குமாமோட்டோ என்றோ சொல்லிப் பயணச்சீட்டு வாங்கி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, ஊர்ப்பெயரை ஜப்பானிய எழுத்தில் கைப்பேசியில் சேமித்து வைத்துக் காட்டுவதும் நல்லது.

குஷிமோட்டோ நிலையத்திலிருந்து விளக்கத்துக்குக் காரில் சுமார் 20 நிமிடம். நகராட்சியின் சிறு பேருந்தும் உண்டு, ஆனால் நாளுக்குச் சில தடவைதான் ஓடும். போகும் பேருந்தின் நேரத்தை விட்டுவிட்டு, திரும்பி வரும் பேருந்தின் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொள்பவர்கள் எல்லாருமே திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். விளக்கத்தின் அருகே டாக்சி நின்று காத்திருப்பதில்லை. டாக்சியில் போனால் திரும்ப வந்து ஏற்றிக்கொள்ளும்படி ஓட்டுநரிடம் நேரம் சொல்லிவிடுங்கள்.

தீவுக்குப் போகும் குஷிமோட்டோ பெரும்பாலம் 1999-இல் திறக்கப்பட்டது. கட்டணம் கிடையாது. அதற்கு முன்பு படகுதான். நடுவில் இருக்கும் சின்னத் தீவின்மேல் பாலம் வளையமாகச் சுழன்று ஏறும். சைக்கிளில் போக நினைப்பவர்கள் மின்விசை உதவியுள்ள சைக்கிளாக எடுங்கள். தீவின் சாலை மேடும் பள்ளமுமாக இருக்கும். பாலத்தின்மேல் பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும்.

எப்போது போவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை விளக்கத்தைச் சுற்றி நர்கிஸ் பூக்கள் மலர்ந்திருக்கும். தொடக்க காலத்தில் இங்கே வேலைக்கு வந்த பிரிட்டிஷார் நட்ட செடிகளின் வழிவந்தவை என்று ஊரில் சொல்வார்கள். குளிர் கடுமையாக இருக்காது, ஆனால் முனையில் காற்று காதை அறுக்கும். காது மூடும் குல்லாவும் காற்றைத் தடுக்கும் மேலாடையும் அவசியம்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை புயல் காலம். ஜப்பானுக்கு வரும் புயல்கள் பலவற்றுக்கு இந்த முனைதான் முதல் வாசல். கப்பல் உடைந்ததும் செப்டம்பர் 16 அன்றுதான். அந்த மாதத்தில் போவதாயிருந்தால், மாற்ற முடியாத விமானச்சீட்டுக்கு முந்தைய இரண்டு நாட்களில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, முனை கிழக்கே பார்ப்பதால் காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து வரும். நிலப்பக்கத்தில் நின்று அப்போது படம் எடுத்தால் கோபுரம் கறுத்துப்போகும். பிற்பகலில் வெயில் மேற்கிலிருந்து கோபுரத்தின்மேல் விழும். வெள்ளைச் சுவர் அப்போதுதான் பளிச்சிடும். காட்சிக்கூடம் மாலை 5 மணிக்கு மூடிவிடும் என்பதால், மதியம் 1:30 மணி வாக்கில் வந்து சேர்வது எல்லாவற்றுக்கும் பொருந்திவரும். இங்கே மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வயதானவர்கள் உடன் வந்தால் இரண்டரை.

முதலில் விளக்கத்துக்கே போங்கள்

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து விளக்கம்வரை தளம் போட்ட நடைபாதை. சுமார் பத்து நிமிட நடை, பெரும்பாலும் சமதரை. வழியில் துருக்கிப் பொருள் விற்கும் கடை, காட்சிக்கூடம், நினைவுச்சின்னம், துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் குதிரைமேல் அமர்ந்த சிலை எல்லாம் வரும். எதிலும் நிற்காமல் கடைசிவரை நடந்துவிடுங்கள். திரும்பும்போது ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விளக்கத்தின் உள்ளே பொதுமக்களை விடுவதில்லை. வெளிப்பக்கத்தில் இரும்புச் சுழல்படி அமைத்திருக்கிறார்கள். அதில் ஏறி விளக்குக் கூண்டின் மட்டத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை. படி குறுகலானது. ஏறுபவரும் இறங்குபவரும் நடுவில் சந்தித்தால் ஒதுங்க இடம் போதாது, ஆகவே மேலே இருப்பவர்கள் இறங்கி முடிக்கும்வரை கீழே காத்திருங்கள். தளர்ந்த செருப்பு வேண்டாம். காற்று பலமாக இருக்கும் நாளில் குடையோடு ஏறாதீர்கள்; தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

ஏறுவதற்கு முன் கோபுரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து கல்லைப் பாருங்கள். 1866-இல் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளோடு ஜப்பான் செய்துகொண்ட எடோ உடன்படிக்கையில், கப்பல்கள் பத்திரமாக வந்துபோக விளக்குகள் அமைப்பதாக வாக்களித்தது. அப்படி ஒத்துக்கொண்ட எட்டு இடங்களில் காஷினோசாக்கியும் ஒன்று. அந்த வேலைக்காக வந்தவர் ரிச்சர்ட் ஹென்றி பிரன்டன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். ரயில்வேயில் வேலை பார்த்தவர். எடின்பரோவில் ஸ்டீவன்சன் சகோதரர்களிடம் கலங்கரை விளக்கத் தொழிலை அவசரமாகக் கற்றுக்கொண்டு 1868-இல் யோக்கோஹாமாவில் இறங்கினார். 1876-இல் ஊர் திரும்புவதற்குள் ஜப்பானின் கரைகளில் 26 விளக்கங்களைக் கட்டி முடித்தார். நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாட்டில் உயரக் கட்டுவதைவிட உயரமான இடத்தில் கட்டுவதே மேல். இங்கே கடல் மட்டத்துக்கு வெகு உயரத்தில் மேடே இருக்கிறது. அதனால் கோபுரம் குட்டையாக இருந்தாலும் வெளிச்சம் தொலைவு போகும். முதலில் கட்டியபோது இன்னும் குட்டையாகத்தான் இருந்தது. 1954-இல் உயர்த்திக் கட்டினார்கள். மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே காலத்து வேலை இல்லை என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால், முதற்கட்டுமானம் எதுவரை என்று ஊகிப்பது சுவையான வேலை.

ஜப்பானில் விளக்கைச் சுழலவிட்டு மின்னல்போல் விட்டுவிட்டு ஒளிரச் செய்ததும் இங்கேதான் முதலில். இதன் பயன் மாலுமிக்குத்தான் தெரியும். கரையில் எரியும் சாதாரண விளக்கும் கலங்கரை விளக்கும் இருட்டில் ஒரே மாதிரி தோன்றலாம். எத்தனை நொடிக்கு எத்தனை மின்னல் என்று எண்ணினால், இது எந்த முனை என்பது வரைபடத்தைப் பார்த்து உறுதியாகிவிடும். இரவில் குஷிமோட்டோவில் தங்குபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு மின்னலில் கடிகாரத்தைத் தொடங்கி, அதே வரிசை மறுபடி வரும்வரை நொடிகளை எண்ணுங்கள். பிறகு பக்கத்திலுள்ள ஷியோனோமிசாக்கி முனையின் விளக்கையும் அப்படியே எண்ணுங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கும்.

கோபுரத்தின் பக்கத்தில் தாழ்வான கல் வீடு ஒன்று உண்டு. விளக்கக் காவலர்கள் குடியிருந்த வீடு அது; பிரன்டன் காலத்துக் கட்டடம். சில நேரங்களில் உள்ளே அனுமதிப்பார்கள். பூட்டியிருந்தாலும் சுற்றி வந்து ஜன்னல் சட்டங்களைப் பாருங்கள். மேற்கத்திய வடிவத்தை ஜப்பானியத் தச்சர்கள் தங்கள் கைவழியில் செய்திருக்கிறார்கள்.

பாறையைத் தேடிப் பாருங்கள்

மேலே ஏறியதும் எல்லோரும் அடிவானத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கீழே, கரைக்கு அருகில் பாருங்கள். அலை வெண்ணுரையாக உடையும் பாறைத்திட்டுகள் தெரியும். 'ஃபுனாகோரா' என்று அவற்றுக்குப் பெயர். கடல் அமைதியாக இருக்கும் நாளில் இவற்றைக் கண்டுபிடிப்பது கடினம், நுரைதான் அடையாளம். உள்ளங்கையளவு தொலைநோக்கி ஒன்று கொண்டுபோனால் பயன்படும்.

எர்துருல் என்ற உஸ்மானிய (அன்றைய துருக்கிப் பேரரசின்) போர்க்கப்பல் மோதியது இந்தப் பாறைகளில்தான். ஜப்பானிய இளவரசர் கொமட்ஸு 1887-இல் இஸ்தான்புல் வந்து சென்றதற்குப் பதில் மரியாதையாக, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அனுப்பிய கப்பல் அது. 1889 ஜூலையில் இஸ்தான்புல்லை விட்டது. பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் துறைமுகங்களைத் தொட்டு, வழியில் பழுதுபார்ப்புக்காக நெடுநாள் நின்று, 1890 ஜூன் 7-ஆம் தேதி யோக்கோஹாமா சேர்ந்தது. தளபதி உஸ்மான் பாஷா மெய்ஜி பேரரசரைச் சந்தித்துப் பதக்கம் அளித்தார். பிறகு மாலுமிகளிடையே காலரா பரவிப் புறப்பாடு தள்ளிப்போனது. செப்டம்பர் 15-ஆம் தேதி புறப்பட்டார்கள். கப்பலோ 1860-களில் செய்த மரக்கப்பல், ஓராண்டுக்கு மேலாகக் கடலில் அலைந்து தளர்ந்தது. காலமோ புயல் காலம். மறுநாள் இரவு இந்த முனைக்கு அருகே புயலில் சிக்கிக் கட்டுப்பாடு இழந்து பாறையில் மோதியது. உடைந்த உடலுக்குள் கடல்நீர் புகுந்து கொதிகலன் வெடித்தது. 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உஸ்மான் பாஷாவும் அவர்களில் ஒருவர். பிழைத்தவர்கள் 69 பேர்.

இப்போது செங்குத்தான கரையைப் பாருங்கள். உயிரோடு கரை ஒதுங்கியவர்கள் இருட்டில், காயத்தோடு, இந்த மேட்டில் ஏறினார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது நீங்கள் நிற்கும் இடத்தின் வெளிச்சம் ஒன்றுதான். விளக்கத்தின் கதவைத் தட்டினார்கள். காவலர்களுக்கு அவர்கள் மொழி தெரியவில்லை. கப்பல்களின் கொடிகளும் சைகைகளும் அச்சிட்ட பன்னாட்டுச் சைகைப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்கள். வந்தவர்கள் தங்கள் கொடியைத் தொட்டுக் காட்டினார்கள். இரண்டு நாட்டுக்கும் நடந்த முதல் பேச்சு அதுதான் என்று சொன்னால் அது அரச மாளிகையில் நடந்ததைச் சேர்க்காத கணக்கு. ஆனால் சாதாரண மனிதர்கள் கணக்கில் அதுதான் முதல். இதற்காகத்தான் விளக்கத்தை முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

செய்தி காஷினோ கிராமத்துக்குப் போனது. சில பத்துக் குடும்பங்கள் வாழ்ந்த மீனவர் கிராமம். புயலால் கடலுக்குப் போக முடியாமல் உணவு தட்டுப்பட்டிருந்த நேரம். ஊரார் காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். குளிரில் விறைத்தவர்களைத் தங்கள் உடம்போடு அணைத்துச் சூடேற்றினார்கள். சேமித்து வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையும், ஆபத்துக் காலத்துக்கென்று வளர்த்த கோழிகளையும் சமைத்துப் போட்டார்கள். ஓஷிமா ஊர்த்தலைவர் ஓக்கி ஷூ நாள்வாரியாக எழுதிவைத்த குறிப்பு இருப்பதால்தான் இத்தனை விவரம் நமக்குக் கிடைக்கிறது.

கல்லறை மேடும் காட்சிக்கூடமும்

படியிறங்கி வந்த வழியே திரும்புங்கள். முதலில் அத்தாதுர்க் சிலை. இது இங்கே பிறந்தது இல்லை. துருக்கி 1996-இல் நீகாத்தா மாகாணத்தின் காஷிவாசாக்கியில் இருந்த துருக்கிப் பண்பாட்டுப் பூங்காவுக்கு அளித்தது. அந்தப் பூங்கா மூடப்பட்டபின் சிலை கேட்பாரற்றுக் கிடந்தது. பழுதுபார்த்து 2010-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். வந்து சேர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது.

அடுத்து நினைவுச்சின்னம். மீட்டெடுத்த உடல்களைக் கப்பல் உடைந்த கடலைப் பார்த்தபடி இருக்கும் இந்த மேட்டிலேயே அடக்கம் செய்தார்கள். 1891-இல் ஜப்பானியர் முதல் நினைவுக்கல் வைத்தார்கள். 1929-இல் ஷோவா பேரரசர் இங்கே வந்து அஞ்சலி செலுத்தினார். அதன்பின் துருக்கி அரசு இப்போதுள்ள பெரிய சின்னத்தை எழுப்பியது. 1937 ஜூன் 3-ஆம் தேதி திறந்தார்கள். இது பூங்காச் சிற்பம் இல்லை, கல்லறை. மேடையில் உட்கார்ந்து சாப்பிடுவது, படியில் ஏறிக் குதித்துப் படம் எடுப்பது எல்லாம் வேண்டாம். பூ வைக்க விரும்பினால் ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள், இங்கே கிடைக்காது. பூவைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்; காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். இந்த இடம் இவ்வளவு சுத்தமாக இருப்பதற்குக் காரணம், தீவின் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வந்து பெருக்கிக் களை எடுப்பது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இருநாட்டுப் பிரதிநிதிகளும் கூடி நடத்தும் பெரிய அஞ்சலி நிகழ்ச்சியும் உண்டு. அந்த நாட்களில் தங்குமிடம் கிடைப்பது அரிது. சாலையிலும் கட்டுப்பாடு இருக்கும்.

பிறகு துருக்கி நினைவுக் காட்சிக்கூடம். 1974-இல் திறந்தது, கப்பல் உடைந்த 125-ஆம் ஆண்டை ஒட்டி 2015-இல் புதுப்பித்தார்கள். காலை 9 மணி முதல் மாலை 5 மணிவரை. பெரியவர்களுக்குக் கட்டணம் 500 யென். நோட்டாகவும் சில்லறையாகவும் வைத்திருங்கள். உள்ளே கப்பலின் மாதிரி, கடலில் மீட்ட பொருட்கள், துருக்கி அனுப்பிய பரிசுகள் இருக்கும். மேல்தளத்திலிருந்து பாறைத்திட்டை இன்னொரு கோணத்தில் பார்க்கலாம். விளக்கத்திலிருந்து பார்த்ததை மனத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கப்பலுக்கும் வெளிச்சத்துக்கும் எவ்வளவு குறைந்த தூரம் இருந்தது என்பது அப்போதுதான் உறைக்கும்.

மீட்ட பொருட்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2007 முதல் துருக்கிய நீரடி அகழ்வாய்வாளர் துஃபான் துரான்லி தலைமையில் ஜப்பானியரும் துருக்கியரும் சேர்ந்து கப்பல் கிடந்த கடலடியில் அகழ்வு செய்தார்கள். சமையல் பாத்திரம் முதல் துப்பாக்கிக் குண்டுவரை ஆயிரக்கணக்கான பொருட்கள் மேலே வந்தன. கடலில் நூறாண்டு கிடந்த செம்பையோ இரும்பையோ எடுத்தவுடன் உலர்த்தக் கூடாது. உலோகத்துக்குள் ஊறிய உப்பு காயும்போது படிகமாகி வெடிப்பு உண்டாக்கும். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து அரித்துக்கொண்டே போகும். நன்னீர்த் தொட்டியில் போட்டு, நீரை மாற்றி மாற்றி, உப்பு வெளியேறும்வரை மாதக்கணக்கில் வைத்திருந்த பிறகுதான் அடுத்த வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பாத்திரத்தின் பின்னால் இவ்வளவு பொறுமை இருக்கிறது.

ஊருக்குள் இருக்கும் மிச்சப் பாதி

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடம் இது. குஷிமோட்டோ நிலையத்திலிருந்து சுமார் பத்து நிமிட நடையில் முர்யோஜி என்ற புத்தக் கோயில் இருக்கிறது. பிழைத்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த உள்ளூர் மருத்துவர்களிடம், செலவைத் தருகிறோம், கணக்கு அனுப்புங்கள் என்று துருக்கித் தரப்பு கேட்டது. இரக்கத்தால் பார்த்த வைத்தியம் இது, பணம் வாங்கும் எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை, அந்தத் தொகையைப் பாதிக்கப்பட்டவர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்ற பொருளில் மருத்துவர்கள் பதில் எழுதினார்கள். அந்த ஆவணங்களைக் காத்துவந்தது இந்தக் கோயில்தான். சகோதர நகரம் என்று இரண்டு மேயர்கள் கையெழுத்துப் போடுவதற்கு 74 ஆண்டுகள் முன்னாலேயே இந்த ஊர் போட்ட கையெழுத்து அது.

இதே கோயிலில் நாகசாவா ரொசெட்ஸு என்ற ஓவியர் 1786-இல் வந்து தங்கித் தீட்டிய புலி, டிராகன் கதவோவியங்களும் இருக்கின்றன. அசல் ஓவியங்கள் தனிப் பெட்டகக் கூடத்தில் உள்ளன. மழை பெய்தால் ஈரம் உள்ளே போகாதிருக்க அந்தக் கூடத்தைத் திறக்க மாட்டார்கள். எனவே வானம் வெளுத்திருக்கும் நாளில், முடிந்தால் வந்திறங்கிய அன்றே, கோயிலைப் பார்த்துவிடுங்கள். நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

நேரம் இருந்தால் ஷியோனோமிசாக்கி முனைக்கும் போகலாம். ஹொன்ஷுவின் தென்கோடி அது. 1873-இல் மரத்தாலும் 1878-இல் கல்லாலும் கட்டிய அங்குள்ள விளக்கத்தின் உள்ளே 68 படி ஏறிப் போகலாம். கட்டணம் 300 யென். சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க அதுவே ஏற்ற இடம். கீ ஓஷிமாவில், 1791-இல் வந்துபோன லேடி வாஷிங்டன் என்ற அமெரிக்க வணிகக் கப்பலைப் பற்றிய காட்சிக்கூடமும் உண்டு. அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் 'கறுப்புக் கப்பல்கள்' 1853-இல் வருவதற்கு 62 ஆண்டுகள் முந்தைய வருகை அது. முத்துக்குளிக்க இந்தக் கரையிலிருந்து ஆஸ்திரேலியாவின் தேர்ஸ்டே தீவுக்குப் போனவர்கள் ஏராளம். அந்தத் தொடர்பும் இன்றுவரை ஊர்களுக்கிடையிலான நட்பாகத் தொடர்கிறது.

சாப்பாடு: விளக்கத்தின் அருகில் துருக்கி ஐஸ்கிரீம் கிடைக்கலாம், முழுச் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். நிலையத்தின் பக்கத்திலேயே வாங்கிச் செல்லுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கு இங்கே கொண்டாட்டம்தான். நீலத்துடுப்புச் சூரையை முட்டையிலிருந்து மறுமுட்டைவரை பண்ணையிலேயே வளர்ப்பதை 2002-இல் முதன்முதலில் சாதித்த கிந்தாய் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இந்தத் தீவில்தான் இருக்கிறது. சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். குழம்பு, ஊறுகாய், கீரைப் பொரியல் எல்லாவற்றிலும் மீன்சாறு கலந்திருக்கும். கடுகுக் கீரை இலையில் சுற்றிய 'மேஹாரி' சோற்றுருண்டை பார்க்கச் சைவமாகத் தோன்றும், ஆனால் ஊறவைத்த சாற்றில் மீன் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். உமே (ஜப்பானியப் பிளம்) ஊறுகாய் வைத்த சோற்றுருண்டையிலும் சில தயாரிப்புகளில் மீன்தூள் சேர்ப்பதுண்டு, உறையில் அச்சிட்டதைக் கைப்பேசியால் மொழிபெயர்த்துப் பாருங்கள். பழமும் ரொட்டியும் கையில் இருந்தால் கவலையில்லை.

மறுகரை

பிழைத்த 69 பேரும் கோபேயில் சிகிச்சை பெற்றபின், ஹியேய், கொங்கோ என்ற இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களில் புறப்பட்டு 1891 ஜனவரி 2-ஆம் தேதி இஸ்தான்புல் சேர்ந்தார்கள். யமாதா தொராஜிரோ என்ற இளைஞர் ஜப்பான் முழுக்க அலைந்து இறந்தவர் குடும்பங்களுக்காக நிதி திரட்டி, 1892-இல் தானே இஸ்தான்புல்லுக்கு எடுத்துப் போனார். 1985 மார்ச் 19 அன்று, ஈரான்–ஈராக் போரின் நடுவே தெஹ்ரானில் சிக்கிய 215 ஜப்பானியரைத் துருக்கி விமானங்கள் ஏற்றிக்கொண்டு வெளியேறின. ஏன் என்று கேட்டவர்களுக்குத் துருக்கியர் சொன்ன பதிலில் எர்துருல் பெயர் இருந்தது.

துருக்கிக்கும் போகும் வாய்ப்பு உள்ளவர்கள் மெர்சினைப் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்கரையில், மத்தியதரைக்கடல் ஓரத்துப் பெருந்துறைமுகம். இஸ்தான்புல்லிலிருந்து விமானத்தில் போகிறவர்கள், அதானாவுக்கும் மெர்சினுக்கும் இடையே 2024-இல் திறந்த சுகுரோவா விமான நிலையத்தில் இறங்க வேண்டும். பழைய வழிகாட்டிகளில் உள்ள அதானா ஷகிர்பாஷா நிலையத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். அதானாவிலிருந்து மெர்சினுக்கு ரயிலும் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். குஷிமோட்டோவில் பார்த்த அதே வடிவ நினைவுச்சின்னம் மெர்சினிலும் இருக்கிறது. குஷிமோட்டோ பெயரில் ஒரு தெருவும் உண்டு. வழி கேட்கும்போது 'எர்துருல் ஷெஹித்லெரி' என்று சொல்லுங்கள், எர்துருல் தியாகிகள் என்று பொருள். 'எர்துருல்' என்று மட்டும் சொன்னால் அதே பெயருள்ள உஸ்மானியரின் மூதாதையைக் கேட்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

குஷிமோட்டோவில் எடுத்த நினைவுச்சின்னப் படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருந்து மெர்சின்காரர்களிடம் காட்டுங்கள். சைகைப் புத்தகத்தில் கொடியைத் தொட்டுக் காட்டியது போலவே, பேச்சு தொடங்க அது ஒன்று போதும்.